அழுகிய வேர்

வெயில் உச்சிக்கு வந்த மாதத்தில் வாசல் புல்தரை மஞ்சளடிக்கத் தொடங்கியது. தெருவில் எல்லார் வீட்டுச் செடிகளும் வாடிக் கிடந்ததால் தையலக்கா அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் முன்னறையில் மெஷின் போட்டு சட்டையும் திரைச்சீலையும் தைப்பவள். புல்தரை அவள் கணவருடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னமும் டிரைவர்தான். காலமெல்லாம் இன்ஜின் சூட்டில் வெந்த பாதம் என்று சொல்லி, ஓய்வு பெற்ற கையோடு வாசல் சிமெண்டைப் பெயர்த்துப் புல் பதித்தார். அதில் வெறுங்காலோடு நடப்பதுதான் அவருடைய ஒரே ஆடம்பரம்.

"தண்ணி பத்தலை போலங்க," என்றாள்.

"பத்தலைதான். வெயில் அப்படி."

மஞ்சள் பரவியது. நடுவில் புல் பழுப்பாகி, மிதித்தால் கொழகொழத்தது. உரம் தூவினார், இன்னும் மோசமானது. கடைசியில் அவள் நர்சரிக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி புல்லை இழுத்தார். வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இது காயலைக்கா, அழுகியிருக்கு. யாரு இவ்வளவு தண்ணி விடுறது?"

"காலைல ஒரு தடவைதான்..."

"ஒரு தடவைக்கு வேர் கறுக்காது. விடிஞ்சதும் நல்லா ஊற விடுங்க. அப்புறம் மேல்மண்ணு காயுற வரைக்கும் தொடாதீங்க. இந்தச் சூட்டுல உரம் வேண்டாம், கருக்கிடும். ஒட்ட வெட்டாம கொஞ்சம் உயரமா விடுங்க, வேருக்கு நிழல் கிடைக்கும்."

டிரைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் அவள் மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். விடிந்ததும் அவர் தண்ணீர் விட்டார். உள்ளே வந்து காபி குடித்தார். ஜன்னல் வழியே பார்த்து, "அடடா, இன்னைக்கு இன்னும் தண்ணியே விடலையே," என்று மறுபடி போனார். சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி. ஒவ்வொரு முறையும் முகத்தில் அதே பதற்றம். அவளுடைய மெஷினில் நூல் அறுந்து, வெறும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைக்க மறந்ததையும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதையும் வயசு என்று ஒதுக்கியிருந்தாள். இதை எங்கே ஒதுக்குவது?

பயத்தில், ரப்பர் குழாயைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் தேடினார், கத்தினார், பிறகு அடங்கிப்போனார். அவள் ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே போனவர், மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்தான் பொழுது சாயும் நேரத்தில் ஸ்கூட்டரில் கொண்டு வந்து விட்டார். டிரைவரின் தோளில் புதுக் குழாய்ச் சுருள்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தாரு அண்ணி. தன் வீட்டுக்கு எந்த பஸ் போகும்னு என்கிட்டயே கேக்குறாரு."

கண்டக்டர் போனதும் கணவர் கேட்டார், "பழைய குழாயை நீதான் ஒளிச்சு வச்சியா?"

"ஆமாங்க. தண்ணி விட்டதை மறந்துட்டுத் திரும்பத் திரும்ப விடுறீங்க."

"எவ்வளவு நாளா?"

"தெரியலைங்க. புல்லைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது."

குனிந்து தன் பாதத்தைப் பார்த்தபடி சொன்னார், "பையன்கிட்ட சொல்லிடாத."

அவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மகன் வந்து மருத்துவரிடம் அழைத்துப்போனான். மருத்துவர் நோய்க்கு ஒரு பேர் சொன்னார். மறதி கூடும் வேகத்தைக் குறைக்கலாம், பழையபடி ஆக்க முடியாது என்றார்.

அதன்பிறகு, தண்ணீர் விட வேண்டிய நாளில் விடியும்போதே இருவரும் சேர்ந்து பாய்ச்சினார்கள். முடிந்ததும் வாசலுக்குத் தண்ணீர் வரும் கொல்லைப்பக்க வால்வை அவள் மூடிவிடுவாள். சற்று நேரத்தில் அவர் வாசல் குழாயைத் திருகி, "தண்ணி வரலையே," என்பார்.

"விட்டாச்சுங்க. மண்ணைத் தொட்டுப் பாருங்க."

குனிந்து விரலை அழுத்துவார். ஈரமாக இருந்தால் நம்புவார். அவள் சொன்னதை மட்டும் வைத்து நம்பிய நாட்கள் குறைவு. சில நாள், "என்னை ஏமாத்துறியா?" என்று கோபத்தில் ரப்பர் குழாயை வீசியதும் உண்டு.

அழுகிய இடத்தைக் கிளறி மணல் கலந்ததில், கோடை முடியும்போது ஓரத்துப் புல் மெல்ல நடுவே படர்ந்தது. அவள் புது வேலைகளைக் குறைத்துக்கொண்டு, மெஷினை வாசலுக்கே கொண்டு வந்துவிட்டாள். அவர் நடந்துகொண்டே, "இங்க ஏன் உக்காந்திருக்க? வெயில் அடிக்குது, உள்ள போ," என்பார்.

"காத்து வருதுங்க," என்பாள்.

காற்று ஒன்றும் வராது. அவள் தெருவுக்குத் திறக்கும் கேட்டைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருப்பாள்.