முகத்தை மறைத்துத் திருத்தினார்கள்

மைசூரில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேன் ஓட்டுநர் ஒரு முஸ்லிம். ரம்ஜான் அன்று ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்து, தொப்பியும் வெள்ளை ஜிப்பாவுமாகப் பக்கத்தில் நின்றவரைக் கட்டித் தழுவிச் சிரித்தார். யாரோ படம் எடுத்தார்கள். பண்டிகைச் செய்திக்கு நல்ல படம்.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று அதே படத்தைக் குழந்தை கடத்தல் கும்பல் பிடிபட்ட செய்திக்குப் போட்டது. கைதானவர்களின் மதத்தைப் பற்றிப் போலீஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் படமும் கிடைக்கவில்லை. பழைய படக் கோப்பில் ஒரு தொப்பி கிடைத்தது, போதுமாக இருந்தது. மூலையில் எறும்பு எழுத்தில் ‘கோப்புப் படம்’.

மறுநாள் எதிர்வீட்டு அம்மா மகளைத் தானே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

“அவர் நல்லவர்தான் சார். ஆனா ஒண்ணுமே இல்லாம டிவில போடுவாங்களா?”

மற்ற வீடுகளிலும் அதே கேள்வி. அன்று மாலை ஓட்டுநர் என்னிடம் வந்தார்.

“நீங்க பேப்பர்ல இருந்தவரு சார். ஒரு போன் போடுங்க. இப்படியே போனா வண்டிய வித்துட வேண்டியதுதான்.”

போட்டேன். தொலைக்காட்சியின் செய்தி டெஸ்க்கில் இருந்தவரும் இந்த ஊர்த் தமிழர்தான்.

“அது சும்மா அடையாளத்துக்குப் போட்டது சார்.”

“எதுக்கு அடையாளம்?”

பாதிக் கன்னடத்துக்குத் தாவினார். “பர்வாகில்ல சார், சரி பண்ணிடறோம்.”

சரி செய்தார்கள். இணையத்தில் அதே செய்தி, அதே படம். முகம் மட்டும் மங்கலாக்கப்பட்டிருந்தது. தொப்பியும் வெள்ளை ஜிப்பாவும் பளிச்சென்று தெரிந்தன. படத்தைப் பற்றிப் புகார் வந்தால் முகத்தை மங்கலாக்குவது இன்றைய செய்தி அறைகளின் அனிச்சைச் செயல். படத்தையே எடுத்துவிட எவருக்கும் தோன்றுவதில்லை. குற்றவாளியையும் இப்படித்தான் காட்டுகிறோம் என்ற நினைவும் எவருக்கும் வருவதில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு வந்தது.

“பாத்தீங்களா, இப்ப மூஞ்சிய மறைக்கிறாங்க. கேஸ் ஆயிருக்கும்.”

ஓட்டுநர் என் வாசலில் நின்று கைபேசியில் அதைப் பார்த்தார். “சிரிச்சிட்டிருந்தேன் சார். அதையும் அழிச்சிட்டாங்க.”

மறுபடி அழைத்தேன். டெஸ்க்காரர் குரலில் எரிச்சல்.

“முகம்தான் தெரியலையே சார், இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

அந்தச் செய்தி இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது.

அந்த அழைப்புக்கு மறுநாள் காலை வேன் வழக்கம்போல் வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை, மெதுவாக, அடித்தார்.