மெஷின் கேட்டது, அண்ணன் சரி என்றார்

அச்சுக்கடையில் டிசைன் செய்பவருக்கு 'சரி அண்ணன்' என்று பேர் வைத்ததே பைண்டிங் அக்காதான். கம்ப்யூட்டரில் எந்தப் பெட்டி முளைத்து எதைக் கேட்டாலும், ஒரு எழுத்து படிக்காமல் 'ஓகே'யைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வீட்டிலும் அப்படித்தான். மச்சினன் கேட்டான் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், எதற்கு ஜாமீன் என்று இன்றுவரை கேட்டதில்லை.

திருட்டு சாப்ட்வேர் வைத்திருந்த பக்கத்துக் கடைக்குச் சோதனை வந்தது. அடுத்தது தன் கடைதான் என்று முதலாளி கணக்குப் போட்டார். உடனே தன் மருமகனை வரவழைத்து, டிசைன் மெஷினில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள பில் புக் இதுல ரெடியாகணும். முடியலைன்னா டிசைன் வேலைய வெளியில குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை, நீங்களே சொல்லுங்க" என்றார் முதலாளி.

"சரிங்க."

கிளம்புவதற்கு முன் மருமகன் சொல்லிக்கொடுத்தான். "இனிமே நெட்ல அலைஞ்சு எதையும் இறக்காதீங்க. உள்ளயே பேக்கேஜ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. முதல்ல அப்டேட் குடுத்து லிஸ்ட்டைப் புதுசாக்குங்க. அப்புறம் இன்ஸ்டால்னு போட்டு, வேணுங்கிறதோட பேரை அடிங்க. அதுவே கொண்டுவந்துடும்."

அண்ணன் கறுப்புத் திரையில் ஒற்றை விரலால் அடித்தார். எழுத்துகள் சரசரவென்று ஓடின. படம் வரைகிற சாப்ட்வேர் ஒன்று வந்தது, கூடவே கேட்காத இன்னும் பத்துப் பதினைந்தும் வந்தன.

"என்னண்ணே, ஒண்ணைக் கூப்பிட்டா ஊரே வருது?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைய அழைச்சா கொழுந்தன், நாத்தனாரெல்லாம் வரமாட்டாங்களா? அது மாதிரிதான்." அண்ணனுக்கே சிரிப்பு வந்தது. இந்த வயசிலும் பிழைத்துக்கொள்வோம் போலிருக்கிறதே என்று அரை மணி நேரம் நிஜமாகவே நம்பினார்.

ஆனால் வந்த சாப்ட்வேரில் அவர் கை பழகிய எதுவும் பழைய இடத்தில் இல்லை. பில் புக்கின் கட்டங்கள் கோணல் கோணலாக விழுந்தன. சாயங்காலமும் நெருங்கியது. பழைய புத்தி நெட்டுக்கு இழுத்துப் போனது. எவனோ போட்டிருந்த, அதே சாப்ட்வேரின் பழைய வெர்ஷனை இறக்கி, பேக்கேஜ் மேனேஜரிடம் கொடுத்தார்.

இது உள்ளே வர வேண்டுமென்றால் இன்னின்னதெல்லாம் வெளியே போக வேண்டும் என்று மேனேஜர் நீளமாக ஒரு பட்டியல் போட்டது. கடைசியில், நிச்சயம்தான் என்றால் இந்த வரியை முழுசாக அடி என்று இங்கிலீஷில் ஒரு வரி காட்டியது: 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்'.

இத்தனை வருஷத்தில் எந்தப் பெட்டியும் அண்ணனிடம் இப்படிக் கெஞ்சியதில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தப்பில்லாமல் அடித்தார்.

திரையிலிருந்த படம், பட்டன், மவுஸ் அம்பு எல்லாம் போயின.

"கரண்ட் போச்சாண்ணே?"

"கரண்ட் இருக்கு. மத்ததெல்லாம் போச்சு."

போனில் மருமகன் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "டெஸ்க்டாப்பையே தூக்கிட்டீங்களே! அவ்வளவு பெரிசா எச்சரிக்கை குடுத்துச்சே, படிக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி. கேட்டா சரின்னுதானே சொல்லணும்?"

"நான் ஞாயித்துக்கிழமைதான் வர முடியும்."

முதலாளி வந்தார். கறுப்புத் திரையைப் பார்த்தார், கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். பில் புக் மாதிரியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டே கேட்டார், "நாளையிலேர்ந்து எதிர்க்கடையில குடுத்துக்கறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சரிங்க."

அண்ணன் கடைச்சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அக்கா கையில் ஒட்டிய பசையோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாமே? சரின்னுட்டு வந்துட்டீங்களே!"

"வேற எந்தப் பட்டன் இருந்துச்சு, சொல்லு" என்றார் அண்ணன்.