உள்ளே நிற்கும் உயரம்

பாய்மரப் படகு வாங்க என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் காரைக்காலில் அதிகம் பேர் இல்லை. இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மச்சான், பொழுது போகாமல் கேட்டவர். ஆனாலும் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. துபாயில் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளில் பாதி ஆயுசு வேலை பார்த்தவன் நான். பாய் ஏற்றுவேன், இறக்குவேன், முதலாளியின் விருந்தாளிகள் வாந்தி எடுத்தால் கழுவியும் விடுவேன். அந்த முதலாளிகள் புதுப் படகு பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் மெத்தைத் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். நான் குனிந்து படகின் அடியைப் பார்ப்பேன்.

கடலில் ஒரு தடவையாவது பயந்தவன்தான் படகைச் சரியாகப் பார்ப்பான் என்பது என் கட்சி. நான் பயந்திருக்கிறேன். ஓமான் பக்கம் போனபோது திடீரென்று காற்று திரும்பி, பக்கவாட்டில் அலை ஏறி, தாழ்வான அந்தப் படகு பாதி நிரம்பிவிட்டது. வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். உயிரோடு கரைக்கு வந்ததும் இரண்டு விஷயங்கள் ஆணி அடித்தமாதிரி மனசில் இறங்கிவிட்டன. படகின் அடியில் கனமான கீல் வேண்டும்; தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் அந்தத் தகடுதான் சாய்ந்த படகை நிமிர்த்தும். பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும்; அலை உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வேகம், அழகு எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் நானும் என் மனைவியும் பீச்சில் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்றால் நான் மணலில், அவள் சிமெண்ட் பெஞ்சில். அவளுக்கு முழங்கால் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

"நம்ம ஊரு கடல்லேருந்து பாத்தா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். பொய்யில்லை. நான் ஊரை விட்டுப் போனதும் வந்ததும் விமானத்தில்.

"ஒரு தடவயாச்சும் பாக்கணுங்க. நான் இங்கேருந்து அங்க பாத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள். இன்றைக்குக் கடலில் இருப்பேன் என்று நான் போனில் சொல்கிற நாட்களில் எல்லாம் பீச்சுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாளாம். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"துபாய் மேக்கால இருக்கு. நீ கெழக்கப் பாத்து நின்னியாக்கும்?" என்று சிரித்தேன்.

"எல்லாம் ஒரே தண்ணிதானங்க" என்றாள்.

சிரித்துவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படகு வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவளுக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். என் ஆசையும் அதில் பாதி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பாண்டியில் ஒரு படகுக் கொட்டகையில் இரண்டு படகுகள் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்று சின்னது, மேலே மூடாத திறந்த படகு. அதன் கீலை மேலே இழுத்துக்கொள்ளலாம், அதனால் மணல்வரைக்கும் வந்து ஒதுங்கும். பக்கச் சுவர் முழங்கால் உயரம்தான். நான் விற்கிறவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி அந்தச் சுவரின்மேல் உட்கார்ந்தாள், இரண்டு கால்களையும் சேர்த்து உள்பக்கம் திருப்பினாள், அப்படியே நகர்ந்து உள்ளே பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது நல்லாருக்கேங்க" என்றாள்.

"எந்திரி எந்திரி. கடல்ல போனா அலை வந்து ஒன் மடியில உக்காந்துக்கும்" என்றேன். கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். நடந்த களைப்பில் உட்கார்ந்தாள் என்றுதான் நினைத்தேன்.

மற்றது அறை வைத்த பெரிய படகு. கீல் ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதனால் படகை இரும்புச் சட்டத்தின்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஏணி வைத்து ஏறினேன். உள்ளே இறங்கினால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. கையை உயர்த்தி அளந்து பார்த்தேன், அவள் நின்றால் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருக்கும். குனிய வேண்டாம். படுக்க ஒரு கட்டில், டீ போட அடுப்பு, கதவு வைத்த கக்கூஸ். புர்கா போட்ட பெண் கடலில் எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு இருப்பாள், பாவம், என்று அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பலமுறை போட்டுத் திறந்து பார்த்தேன். அவளுக்காக இவ்வளவு யோசிக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

"மேல வந்து பாரேன்" என்று கூப்பிட்டேன்.

அவள் ஏணியை ஒருமுறை பார்த்தாள். "நீங்க பாத்தா போதுங்க" என்றாள்.

பெரியதையே வாங்கினேன். பக்கத்து மீனவக் குப்பமான பட்டினச்சேரிக்காரர்கள் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கரையோரமாகவே ஓட்டிவந்து எங்கள் ஊர் அரசலாற்றில் சேர்த்தோம். மீன் பிடிக்கவும் இல்லை, ஆள் ஏற்றவும் இல்லை என்றால் படகு எதற்கு என்று கடலோரக் காவல்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். மீன்படகுகள் கட்டும் இடத்தில் எங்களுக்கு இடமில்லை, நியாயம்தான். கீல் தரை தட்டும் என்பதால் மணல் பக்கமும் ஒதுக்க முடியாது. ஆற்று நடுவில் நங்கூரம் போட்டு நிறுத்தினேன். வெள்ளையாக, உயரமாக நின்றது. பாலத்தில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

மாசி பிறந்து கடல் அடங்கியதும் நாள் குறித்தோம். அவள் விடியும் முன்பே எழுந்து இறால் வைத்து எங்கள் ஊர்ப் பலகாரமான வாடா சுட்டாள், பிளாஸ்கில் டீ ஊற்றினாள். பட்டினச்சேரிக்காரர்கள் தங்கள் ஃபைபர் படகைக் கரையில் கொண்டுவந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் படியாக வைத்து, அவளை அதில் ஏற்றிக்கொண்டார்கள். நான் முன்னாலேயே போய்ப் பெரிய படகில் காத்திருந்தேன். முதலில் வாடாக் கூடை மேலே வந்தது. அடுத்து அவள் வர வேண்டும்.

பக்கச் சுவர் அவள் நெஞ்சுக்கு எதிரே நின்றது. ஏணியைத் தொங்கவிட்டேன். முதல் படியே அவளுக்கு எட்டாத உயரம். காலைத் தூக்கினாள், முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு காலை மாற்றிப் பார்த்தாள். அதற்குள் இரண்டு படகுகளும் விலகின, மறுபடி முட்டின. குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க, வலிக்குது."

"கொஞ்சம் முட்டிய மடக்கேன்! அதுகூடவா முடியாது?" என்று கத்திவிட்டேன்.

ஆற்றில் வலை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு அந்த ஃபைபர் படகிலேயே கிடந்த வலைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர்களில் பெரியவர், "அம்மா, சங்கடப்படாதீங்க, நாங்க தூக்கி விட்டுர்றோம்" என்றார். இந்தப் படகிலேயே முகத்துவாரம்வரை ஒரு சுற்று போய் வரலாமே என்றார் மற்றவர். இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள் என்னைப் பார்த்து. "கெளம்பியாச்சு, ஏன் நிறுத்தணும். நம்ம ஊர போன்ல புடிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

போயிருக்கக் கூடாது. எனக்கு ஆத்திரம், அவள்மேல் இல்லை, ஆனால் யார்மேல் என்றும் தெரியவில்லை. அவளைக் கரையில் இறக்கிவிட்டு வந்த இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நங்கூரத்தை எடுத்தேன்.

அந்தப் படகு அன்றைக்கு எவ்வளவு நன்றாகப் போனது! அதுதான் இன்னும் பொறுக்க முடியவில்லை. சாய்ந்தால் நிமிர்ந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நான் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஏறி இறங்கியே பிழைத்த எனக்கு, ஒரு படகில் ஏறுவது என்பது யோசிக்க வேண்டிய விஷயமாகவே பட்டதில்லை. கொட்டகையில் அவள் உட்கார்ந்து காலைத் திருப்பியது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் பாண்டிக்குப் போன் போட்டேன். சின்னப் படகை யாரோ கேரளாவுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

கரை நன்றாகத் தெரியும் தூரத்தில் பாயை இறக்கிவிட்டுப் போனில் வீடியோப் படம் எடுத்தேன். பட்டினச்சேரிக்காரர்கள் வாடாவைத் தின்றுகொண்டு, அம்மா கை ருசி என்று சொன்னார்கள். என்னால் ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, குனிந்து பார்த்தாள். கலங்கரை விளக்கம் தெரிந்தது, சவுக்குத் தோப்பு தெரிந்தது, பள்ளிவாசல் மினாரா குச்சிமாதிரி தெரிந்தது.

"எவ்ளோ சின்னதா இருக்கு நம்ம ஊரு!" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நான் எங்கங்க நிக்கிறேன்?"

அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். படகு திரும்பி வருவது தெரிகிறவரை வெயிலில் முகத்துவாரத்துக் கருங்கல் பக்கம் நின்றிருக்கிறாள். படத்தை நிறுத்தி இரண்டு விரலால் விரித்தேன். கரையோரம் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது.

"இதோ, இதுதான் நீ" என்றேன்.

"அது கல்லுங்க" என்று என் விரலை மெல்ல நகர்த்தினாள். அவளுடைய விரல் கலங்கரை விளக்கத்திலிருந்து கரையோரமாகவே போய், படம் முடிகிற இடத்தையும் போனின் விளிம்பையும் தாண்டி, மேசைமேல் வந்து நின்றது.

"நான் இங்க நின்னேன்" என்றாள்.