வெட்டுப்பட்ட வசனம்

ஸ்கந்தபுரத்தில் பிரேமிளாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: குளம் உடைச்ச பிரேமிளா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவள் வாய்க்குப் பயம். சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

உண்மையில் ஊருக்கு மேலே இருந்த பெரிய குளம் உடையவேயில்லை. கார்த்திகை மழை கொட்டிய ஒரு காலை, பயந்துபோயிருந்த மாதர் சங்கப் பெண்களுக்காக அவள் குசினியில் நின்றபடி வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "எங்கட குளம் உடைஞ்சுட்டுது எண்டு ஆர் சொன்னாலும் நம்பாதேங்கோ. நான் குளக்கட்டில போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்." இவ்வளவுதான் சொன்னாள். மத்தியானத்துக்குள் அதே குரல் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் "எங்கட குளம் உடைஞ்சுட்டுது" என்பதோடு நின்றது.

போர்க்காலத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப் பழகிய சனம், யோசிக்கவில்லை. பிள்ளைகளையும் பாய் தலையணையையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு ஓடியது. அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் பெட்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தார். அவருடைய மனைவி விமலேஸ்வரி அன்றோடு பிரேமிளாவுடன் கதைபேச்சை நிறுத்தினாள். சொன்னதை எடுத்துக் காட்டலாமென்றால் பிரேமிளாவின் போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. மற்றப் பெண்கள் தங்களுக்கும் வில்லங்கம் வரும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முழுவதும் கேட்டதாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் புளியங்குளத்திலிருந்து நிரோஜா வந்தாள். இணையத்தில் பரவும் பொய்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். பிரேமிளா படலை வாசலிலேயே மறித்தாள்.

"என்ரை வாயை அளக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை அக்கா. உங்கட வாயில இருந்து களவெடுத்தது ஆரெண்டு பாக்க வந்தனான்."

அந்தப் பதிலுக்காகவே பிரேமிளா அவளை உள்ளே விட்டாள். குசினிப் பலகையில் இருந்து நிரோஜா மடிக்கணினியைத் திறந்தாள். ஊரில் சுற்றிய அந்தக் குரல் மலையும் பள்ளமுமாகப் படமாய் விரிந்தது. வாயை விட்டுப் போனால் போனதுதான் என்றிருந்த பிரேமிளா கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"இந்தச் சின்னக் கோடெல்லாம் உங்கட தகரக் கூரையில பெய்யிற மழை," என்றாள் நிரோஜா. "இதில பாருங்கோ, கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. மழை அப்பிடி நிக்காது. உங்கட மூச்சும் பாதியில நிக்குது."

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. பிரேமிளாவுக்கு மணக்கவில்லை. தான் எவ்வளவு சொல்லியும் ஊர் நம்பாததை யாரோ பெற்ற பிள்ளை ஒரு பெட்டிக்குள் கண்டுபிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகும் நிரோஜா விடவில்லை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று போன் போனாகக் கேட்டுப் போனாள். மகளோடு பளைக்குப் போயிருந்த ஒரு சங்கப் பெண்ணின் பழைய போனில் முழு வசனமும் அழியாமல் கிடைத்தது. வெட்டியது ஒரு முகநூல் பக்கம். வேறு ஊர்களிலும் இப்படிப் பலருடைய குரலை வெட்டி ஒட்டியிருந்தது. பயந்த சனம் திரும்பத் திரும்பப் பார்க்கும், அவர்களுக்கு விளம்பரக் காசு. இப்படிப்பட்ட வெட்டைக் கண்டுபிடிக்க நிரோஜா ஒரு வழி செய்தாள். அதற்குத்தான் கொழும்பில் பரிசு.

விழாவில் குரலைப் போடச் சம்மதம் கேட்டு அவள் மறுபடி வந்தாள். பெயர் சொல்லமாட்டோம், அதுதான் ஆராய்ச்சியின் முறை என்றாள்.

"பேரைச் சொல்லுங்கோ, ஊரையும் சொல்லுங்கோ," என்றாள் பிரேமிளா. "பேரில்லாட்டி இந்த ஊர்ப் பெண்டுகள் வேற ஆற்றையோ குரல் எண்டுவாளவை. நான் சாகுமட்டும் குளம் உடைச்சவளாயே இருக்கிறதோ?"

நிரோஜா மேலிடத்தில் அனுமதி வாங்கினாள்.

விழாவன்று சங்கக் கட்டடத்தில் தொலைக்காட்சியோடு பிரேமிளாவின் புதுப் போனைத் தொடுத்து எல்லோரும் பார்த்தார்கள். விமலேஸ்வரி கடைசி வாங்கில் இருந்தாள். பிரேமிளாவின் பெயரும் ஊரும் சொல்லப்பட்டன. கோட்டுப் போட்டவர்கள் நிறைந்த கொழும்பு மண்டபத்தில் அவள் குசினி மழை கேட்டது. முதலில் வெட்டின துண்டு, பிறகு முழு வசனம். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தன் வீட்டுப் பலகையில் இருந்து பிளேன்டீ குடித்த பிள்ளை மேடையில் நின்றாள். என்ன மூளை இது என்று பிரேமிளா வாய் திறந்தபடி பார்த்தாள். விமலேஸ்வரிக்கென்று சேர்த்துவைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

விமலேஸ்வரி எழுந்து முன்னுக்கு வந்தாள்.

"பிரேமிளா, ஒருக்காத் திருப்பிப் போடும். இவர் வெளியில இருக்கிறார், கேட்டிருக்கமாட்டார்."

பிரேமிளா போனைக் கழற்றிக்கொண்டு தானே வெளியே போனாள். வேப்ப மரத்தடி வாங்கில் காலை நீட்டியிருந்த தில்லைநாதனின் காதருகே பிடித்தாள். வசனம் முடிந்ததும் அவர் காலை மெல்ல மடக்கி, வாங்கில் அவளுக்கு இடம் விட்டார்.