முதல் வாய்

என் சாப்பாட்டு மேசையில் ஒரு மங்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் பீங்கான் மங்கு. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சென்ற மாதம் பாடாங் செராய் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னை எடை பார்த்துவிட்டு, "தொண்ணூறு கிலோ, தாத்தா! இனிமே மெதுவா சாப்பிடுங்கலா. வாயில இருக்கறத மட்டும் கவனிங்க. ஒடம்பும் கொறையும், மனசும் அடங்கும்" என்றாள். ஏதோ புது வைத்தியம்போலச் சொன்னாள். எனக்கு இந்த மங்குதான் நினைவுக்கு வந்தது.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் நான் ஓரிடத்தில் தங்கியவனில்லை. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். செர்டாங்கில் விறகு வெட்டினேன், பண்டார் பாருவில் படகு தள்ளினேன். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அங்கிருந்து நடையைக் கட்டிவிடுவேன். அப்படித்தான் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒதுங்கினேன். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான். அதைப் பிடுங்கி ஆயாக் கொட்டகைக்குச் சுமப்பது என் வேலை. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. அங்கே பதினொரு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டவளை நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். ஏறக்குறைய என் வயதுதான். அவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருடமாகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிழங்கு வெந்ததும் ஒரு துண்டை இந்த மங்கில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். மென்றுகொண்டே இருப்பாள். விழுங்கிய பிறகும் சிறிது நேரம் அசையமாட்டாள். பிள்ளைகள் அழுதாலும் திரும்பமாட்டாள். பிறகுதான் எழுந்து அவர்களுக்குப் பங்கு வைப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"என்னா தங்கச்சி, மாடு மாதிரி அசை போடுற?" என்பேன்.

"நீங்க எங்கண்ணே திங்கிறீங்க? பானைக்குள்ள கல்லு போடற மாதிரி போடுறீங்க" என்பாள்.

ஒருநாள் தோட்டத்துக் கிழங்கு தீர்ந்துவிட்டது. எல்லைக்கு அப்பால், ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் கொழுத்த செடிகளைக் கண்டேன். மாவு ஆலைக்காக நட்ட கசப்புக் கிழங்கு அது, அவித்துத் தின்றால் விஷம் என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவுமில்லை. ஒரு சாக்கு நிறையப் பிடுங்கி வந்து பெருமையாக இறக்கினேன். அவள் தோலுரித்து அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் மொள்ள அவள் போன நேரத்தில், அரை வேக்காட்டிலேயே நாலைந்து துண்டுகளை எடுத்து விழுங்கினேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

கிழங்கு வெந்ததும் அவள் வழக்கம்போல உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். மென்றவள் சட்டென்று துப்பினாள். எழுந்து, பானையைத் தூக்கிக் கால்வாயில் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் ஓவென்று அழுதன. வேலை முடிந்து வந்த ஒருத்தி கத்தினாள்: "ஒரு துண்டு கசந்தா மொத்தத்தையுமா கொட்டுவ? புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

"கெடக்கட்டும்க்கா. நாளைக்குப் பசிக்கறதுக்கு உசுரு வேணும்ல."

நானும் அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேச வாயெடுத்தேன். கொட்டகை சுற்றியது. காலடியில் தரை இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என் தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். இரவெல்லாம் இந்த மங்கில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். விடிந்தபோது எனக்குத் தலைவலி மட்டும் மிச்சமிருந்தது. பதினொரு பிள்ளைகளும் பசியோடு எழுந்தன. எழுந்தன, அதுதான் விஷயம். நான் விழுங்கியதில் பாதியை உண்டிருந்தாலே அந்தச் சின்ன உடம்புகள் தாங்கியிருக்காது.

"எப்படிக் கண்டுபுடிச்ச? எனக்குக் கசக்கவே இல்லியே" என்று கேட்டேன். சொல்லாமல் அவளை விடுவதாக இல்லை.

"வாயில இருக்கறப்ப வேற எதையும் நெனைக்க மாட்டேண்ணே" என்றாள். பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டவள்போல, "அவரக்கூட நெனைக்க மாட்டேன். நாள் பூரா அவரு நெனப்புதான். அந்த ஒரு வாய்க்குத்தான் நெஞ்சு லேசாகுது" என்றாள்.

பிள்ளைகளுக்காகத்தான் முதல் வாயைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று அந்த இரவில் எண்ணியிருந்தேன். அது அவளுக்கும் மருந்தாக இருந்ததை அன்றுதான் அறிந்தேன். அடுத்த வாரம் ஆள் பிடிக்க லாரி வருகிறது என்றார்கள்; கிளம்பிவிட்டேன். மங்கை அவள்தான் என் கையில் திணித்தாள். அவள் புருஷன் திரும்பினானா என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்க் கேட்கும் துணிவும் வரவில்லை. ஓடினேன், கிடைத்ததை விழுங்கினேன். அந்தப் பசி தீர்ந்து இத்தனை காலமாகியும் என் வாய் அதை நம்பவில்லை. தொண்ணூறு கிலோ அப்படி வந்ததுதான்.

இன்று சந்தையில் மரவள்ளி வாங்கி அவித்தேன். ஒரு துண்டை மங்கில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாயில் இருப்பதை மட்டும் கவனிக்கச் சொன்னாள் மிஸ்ஸி; அது என்னால் ஆகவில்லை, தங்கச்சியின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் மென்றேன். விழுங்கிய பிறகு காத்திருந்தேன். கசக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாவது துண்டை எடுத்தேன்.