ஒன்பது தலைகீழ்க் கண்கள்

ரப்பர் நாற்றுப் பண்ணையில் அவளை எல்லோரும் ஒட்டுக்காரி என்றே கூப்பிட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே வேலை. விதையில் முளைத்த செடியின் அடித்தண்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை உரிப்பாள். நிறையப் பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து, துளிர் வரும் கண்ணோடு பெயர்த்த பட்டையை அந்த இடத்தில் பொருத்துவாள். அவள் கையை எடுப்பதற்குள், கூட வேலை செய்யும் நாத்தனார் அதன்மேல் பிளாஸ்டிக் நாடா சுற்றிவிடுவாள். இருபத்தோராம் நாள் நாடாவைப் பிரித்துப் பட்டையை லேசாகக் கீறுவார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது.

கண்ணுக்கு மேல், கீழ் உண்டு. இலை உதிர்ந்த தழும்பு கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்து வைப்பார்கள். ஒட்டுக்காரிக்குச் சில ஆண்டுகளாகக் கிட்டத்தில் இருப்பது மங்கல். மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்குகிறது என்று கூட்டிலேயே போட்டு வைத்திருந்தாள். இடது கட்டைவிரலால் தழும்பைத் தடவித்தான் வைப்பாள்.

அந்த ஆண்டு ஒரு நிரந்தர வேலை காலியானது. கிடைத்தால், மழைக்காலம் முடிந்ததும் வீட்டில் உட்காரும் பிழைப்பு தீரும். ஆளுக்கு நூற்றிருபது செடி. யார் வைத்த ஒட்டு அதிகம் பிடிக்கிறதோ அவருக்கு வேலை.

இரண்டாம் நாள் கத்தி கட்டைவிரலில் இறங்கியது. ஒட்டு நாடாவையே விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

“இருபத்தோரு நாள்ல விரலும் துளிர் விடும் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“விட்டா உனக்கே தர்றேன். கட்டு.”

பிரிக்கும் நாளில் மேற்பார்வையாளர் கீறிக்கொண்டே போனார். அவளுக்கு நூற்றுப் பதின்மூன்று. அடுத்து வந்தவருக்கு நூற்றேழு. மேற்பார்வையாளர் வேலை நியமனத் தாளை எடுக்க அறைக்குப் போனார். கையெழுத்துப் போட வேண்டுமே என்று கண்ணாடியை மாட்டிய ஒட்டுக்காரி, சும்மா வரிசையைக் குனிந்து பார்த்தாள். தழும்பு கண்ணுக்கு மேலே இருந்தது. அப்படி ஒன்பது செடிகள். அன்று நாடா சுற்றியிருந்த விரலுக்குத் தழும்பு தட்டுப்படவில்லை.

“வாயத் திறக்காதீங்க,” என்றாள் நாத்தனார். “தலைகீழா வெச்சாலும் துளிர் வரத்தானே செய்யும்?”

“வரும். கீழ பாத்து வந்து, அப்புறம் வளைஞ்சு மேல ஏறும். அந்த வளைவோட முப்பது வருஷம் நிக்கணும். காத்தடிச்சா முதல்ல சாயறது அதுதான்.”

“நம்ம கூரை மேலயா சாயப்போகுது?”

மேற்பார்வையாளர் வந்ததும் ஒட்டுக்காரி செடிகளைக் காட்டினாள்.

“பச்சையா இருக்கான்னுதான் எண்ணச் சொன்னாங்க,” என்றார் அவர். “எந்தப் பக்கம் பாக்குதுன்னு யாரும் கேக்கலையேம்மா.”

“வாங்கிட்டுப் போறவங்களும் கேக்க மாட்டாங்க சார். கழிச்சுடுங்க.”

“வேலை போயிடும்.”

“தெரியும் சார்.”

நூற்று நான்கு. வேலை நூற்றேழுக்குப் போனது. வீடு வரை நாத்தனார் நாலடி முன்னாலேயே நடந்தாள். வாசலில், “இன்னும் மூணு வாரம். அப்புறம் ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துட்டு உக்காரலாம்,” என்றாள்.

ஒட்டு பிடிக்காத செடிக்குத் தண்டின் மறுபக்கம் இன்னொரு ஒட்டு வைப்பது பண்ணை வழக்கம். மறுநாள் ஒட்டுக்காரி அந்த ஒன்பது பட்டைகளையும் சீவி எறிந்தாள். கண்ணாடி வழுக்காதபடி நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மறுபக்கம் ஒட்டு வைக்க உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள் நாத்தனார். “தலையும் ஒட்டிடுச்சா?”

“இருபத்தோரு நாள் கழிச்சுக் கீறிப் பாரு.”

நாத்தனார் ஒவ்வொரு தழும்பையும் குனிந்து பார்த்த பிறகே நாடா சுற்றினாள். பண்ணை வேலை முடிந்த கடைசி நாளில் பிரித்தார்கள். ஒன்பதில் எட்டு பச்சையாக இருந்தன.