சஃப்ரன் வால்டன் சந்தையில் காணாமல் போன தள்ளுவண்டில்

2006 கோடை விடுமுறையில் லண்டனிலுள்ள மச்சாள் வீட்டுக்குப் புறப்பட்டோம். மச்சாள் என் கணவரின் தங்கை. அங்கே போனால் கடை, கோயில், திரும்பவும் கடை என்றே ஒரு கிழமை போய்விடும். "ஒரு நாளாவது இங்கிலாந்தைப் பாப்பம்" என்று அடம்பிடித்தேன். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமைச் சந்தை கூடும் பழைய ஊரொன்றை இவர் தேடிப்பிடித்தார். ஒருகாலத்தில் சஃப்ரன் என்ற குங்குமப்பூ விளைந்து, அதைப் பெயரிலும் சேர்த்துக்கொண்ட ஊர்.

வெள்ளி இரவு ஒஸ்லோவிலிருந்து வந்து விமான நிலையத்தருகே தங்கினோம். காலையில் பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு ரயில் ஏறினால், கால் மணித்தியாலத்தில் ஓட்லி எண்ட் நிலையம். அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோமீற்றர், பஸ் உண்டு. பத்து மாத மகள் பஸ்ஸிலேயே தன் தள்ளுவண்டிலில் தூங்கிவிட்டாள்.

சதுக்கம் முழுக்க மீன், பாலாடைக்கட்டி, பூச்செடி. கூவிக் கூவி விற்கிறார்கள். சந்தைக் கூச்சல் கேட்டு எத்தனை வருசம்! ஒஸ்லோவில் மீன் வாங்கினாலும் நூலகத்தில் நிற்பதுபோல்தான் இருக்கும்.

தேநீர் குடிக்கப் போன கடையின் வாசல் ஒடுக்கம். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் அம்மருட்டில் செய்வதையே இங்கும் செய்தோம். வண்டிலை யன்னலுக்கு வெளியே நிறுத்தி, பிரேக் போட்டு, உள்ளே போய் இருந்தோம். நோர்வேயில் பனிக்காலத்திலும் பிள்ளைகள் வெளியில்தான் தூங்கும். முதலில் "இதென்ன கொடுமை" என்று நானும் சண்டை பிடித்தவள்தான். பிறகு பழகிவிட்டது.

ஸ்கோன் என்ற பணிசுக்கு ஜாம் பூசக் குனிந்தேன். நிமிர்ந்தால் வண்டில் இல்லை.

"ஐயோ, பிள்ளை!"

இவர் தேவாலயப் பக்கம் ஓடினார். நான் சதுக்கத்தின் நடுவே நின்று கத்தினேன். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. வந்ததெல்லாம் நோர்வேஜிய மொழி. யாருக்கு விளங்கும்?

அப்போது மீன் கடைப் பெண் கையைத் தூக்கிக் காட்டினார். ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டில். உள்ளே மகள் எழும்பி இருந்து மீன்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஓடிப்போய் வண்டிலைப் பிடித்தேன்.

யாரோ பிள்ளையைக் கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அந்தப் பெண்தான் தன் பக்கம் தள்ளி வந்து போலீசுக்கும் சொல்லியிருந்தார். நான் போனபிறகும் வண்டிலை விடவில்லை. என் பிள்ளையைத் தர மறுக்க நீ யாரம்மா என்று கோபம் பொங்கியது.

போலீஸ்காரர் வந்து, ஏன் வெளியே விட்டீர்கள் என்றார். நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் என்றார் இவர். ஆங்கிலத்தில் அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்று வண்டிலை நானும் ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளை, நான் விட்டுவிட்டு ஓடிய கைப்பையோடு தேநீர்க்கடைப் பெண் வந்தார். "இந்த அம்மா தேநீரைத் தொடவேயில்லை. யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்றார். போலீஸ்காரர் எங்கள் கடவுச்சீட்டுகளைப் பார்த்தார். "நோர்வேயா?" என்று சிரித்தார். "இங்கே பிள்ளையும் சேர்ந்துதான் கடைக்குள் போகும்." மீன் கடைப் பெண் வண்டிலை விட்டு என்னைக் கட்டிக்கொண்டார். மீன் நாற்றம்தான், ஆனாலும் நானும் விடவில்லை.

இவர் தங்கைக்கு போன் எடுத்தார். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? பிள்ளையை றோட்டிலை விட்டிட்டோ தேத்தண்ணி குடிச்சனீங்கள்?"

"பிள்ளை கிடைச்சிட்டாள். இப்ப ஏசாதை."

போகிறவர்களுக்கு: சந்தை செவ்வாயும் சனியும்; காலையிலேயே போங்கள். ஊர்ப் பொதுப் புல்வெளியில் வெட்டிய சுழல்பாதையை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். திரும்பும் பஸ் நேரத்தை முதலே கேட்டுவையுங்கள். மடக்கும் வண்டில் கொண்டுபோங்கள். பிள்ளையை ஓரிடத்திலும் வெளியே விடாதீர்கள்.

நாங்கள் அம்மருட்டுக்கு வந்தபிறகும் மகள் பல்கனியில்தான் தூங்குகிறாள்; உள்ளே கிடத்தினால் கண் மூடுவதில்லை. நானும் கதிரை போட்டுப் பக்கத்திலேயே இருக்கிறேன். இதை ஒரு கையால்தான் தட்டுகிறேன். மற்றக் கை வண்டிலில்.